மூன்றாவது ஆள் வராத ஊர்

கேலோவே ஊரில் வக்கீல் லூஷியஸ் பெட்வே இல்லாத கமிட்டி கிடையாது. நூலகக் கமிட்டி, மருத்துவமனைக் கமிட்டி, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலக் கமிட்டி, நீதிமன்ற வாசலில் எந்தப் பூச்செடி வைப்பது என்று தீர்மானிக்கும் கமிட்டி, வைத்த செடி ஏன் பட்டுப்போனது என்று விசாரிக்கும் கமிட்டி. அமெரிக்காவின் தெற்கு மாநிலமான அலபாமாவில் ஒரு காலத்தில் கறுப்பர்களை எந்தக் கமிட்டியிலும் சேர்க்கமாட்டார்கள். பிறகு காலம் மாறி, ஒவ்வொரு கமிட்டியிலும் ஒரு கறுப்பராவது இருந்தே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது. கேலோவே பெரியவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். எல்லாக் கமிட்டிக்கும் அந்த ஒருவர் ஒரே ஆளாக இருந்துவிட்டால் ஊருக்கு அலைச்சல் மிச்சம். லூஷியஸ் சட்டம் படித்தவர், சட்டை கசங்காதவர், குரல் உயர்த்தாதவர். பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

ஊர் அவரிடம் கேட்டதெல்லாம் அவர் செய்தார். ஊரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெர்சிமன் தெருவுக்கு ஒரு வாய்க்கால்.

மேட்டில் வெள்ளையர் வீடுகளும் கோல்ஃப் மைதானமும். பள்ளத்தில் லூஷியஸும் மற்றக் கறுப்பர்களும் குடியிருக்கும் பெர்சிமன் தெரு. மழை பெய்தால் மைதானம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மேட்டில் யாரும் கேட்டதில்லை. அது பெர்சிமன் தெருவுக்கு வந்து, வீட்டுப் படிகளில் ஏறிப் பார்த்துவிட்டு, தெருக்கோடியில் இருக்கும் கறுப்பர் கல்லறையில் போய்த் தங்கும். இதற்கென்றே நகரத்தில் ஒரு வடிகால் வாரியம் இருந்தது. ஐந்து உறுப்பினர்கள், லூஷியஸும் அதில் ஒருவர். மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம். லூஷியஸ் வாய்க்கால் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எப்படியோ ஆள் குறைந்துவிடும். வாய்க்காலை எதிர்த்து இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஓட்டுப் போட்டதில்லை என்பதில் ஊருக்குப் பெரிய பெருமை. கேலோவேயில் யாரும் எதற்கும் எதிரி கிடையாது.

அவர் மனைவி ஆர்னெட்டா தேவாலயச் சபையில் பியானோ வாசிப்பவள். கமிட்டி விவகாரமெல்லாம் அவளுக்குப் புரியாது, புரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கூட்டத்துக்குப் போகுமுன் லூஷியஸ் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்ப்பார். பல் தெரியக்கூடாது, உதடு மட்டும். திரும்பி வந்ததும் வீட்டுக்குள் வரமாட்டார். வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சாப்பாடு ஆறிப்போகும்.

"என்ன பண்றீங்க உள்ளே?" என்று அவள் வந்து கண்ணாடியைத் தட்டுவாள்.

"கொஞ்ச நேரம் ஆகும் ஆர்னெட்டா. நீ உள்ளே போ."

ஒரே ஒரு தடவை மட்டும், "முகத்தை இறக்கி வச்சிட்டு வர்றேன்" என்றார். வக்கீல்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று அவள் விட்டுவிட்டாள்.

லூஷியஸ் நோயில் விழுந்து, மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது இரண்டு விஷயம் சொன்னார். "என்னை ஈரத்துல போட்டுடாதே." அப்புறம், "டேட்டம், ஸ்கெல்டன் அம்மா, டாக்டர் ஹாட்லி. மூணு பேரும் சேர்ந்து என்னைத் தூக்கணும். நம்ம தெரு வழியா. தூக்க முடியலைன்னா கைப்பிடியைத் தொட்டாவது வரட்டும். ஆனா சேர்ந்து வரணும்."

மூன்று பேரும் வடிகால் வாரியத்தார். சாகிற நேரத்தில்கூட இந்த மனுஷனுக்கு வாரியமா என்று ஆர்னெட்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. ஆனாலும் கேட்டது புருஷன். அவர் இறந்ததும் மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினாள்.

பதிலாக வந்தவர் நகரத்தின் சட்ட ஆலோசகர் டிரம்மண்ட். தொப்பியை நெஞ்சில் பிடித்தபடி, கூடத்தில் வைத்திருந்த சவப்பெட்டிக்கு முன்னால் நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை. கல்யாணமானவளையும் பெயரோடு 'மிஸ்' சேர்த்துக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"மிஸ் ஆர்னெட்டா, ஒரு சின்னச் சிக்கல். வாரியத்து ஆளுங்க மூணு பேர் ஒரே இடத்துல இருந்தா அது பொதுக்கூட்டம். பொதுக்கூட்டம்னா ஒரு நாள் முன்னாடி நகர மன்றக் கதவுல அறிவிப்பு ஒட்டணும். ஒட்டாமக் கூடினா குற்றம். ஒட்டிட்டுக் கூடினா, ரொம்ப நாளா நிலுவையில கிடக்கிற விஷயத்தைத்தான் முதல்ல எடுக்கணும். நிலுவையில என்ன கிடக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"அப்போ ரெண்டு ரெண்டு பேரா வரட்டுமே."

"அங்கதான் சிக்கல். ரெண்டு பேர் வந்தாலே மூணு ஆயிடும்."

"எப்படி?"

டிரம்மண்ட் பெட்டியைப் பார்த்தார். "நகர மன்றம் கூடி அந்த இடம் காலின்னு அறிவிக்கிற வரைக்கும் மிஸ்டர் பெட்வே உறுப்பினர்தான்."

"என் புருஷன் செத்துட்டாரு, மிஸ்டர் டிரம்மண்ட்."

"ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா சட்டத்துக்கு அது இன்னும் தெரியாது."

லூஷியஸின் தங்கை ஒடெசா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "உயிரோட இருந்தப்ப எங்க அண்ணனை ஒரு ஆளாவே எண்ணலை. இப்பத்தான் எண்ண ஆரம்பிச்சிருக்கீங்க. மிஸ்டர் பெட்வேயாம்! போன வாரம் வரைக்கும் வெறும் லூஷியஸ்தானே?"

"நாங்க எப்பவும் அவரை மதிச்சோம்" என்றார் டிரம்மண்ட், மனதாரத்தான் சொன்னார்.

ஆகவே வாரியத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். தலைவர் டேட்டம் பெட்டியருகே நிற்கும்போது பல் டாக்டர் ஹாட்லி தெருவில் காரில் காத்திருந்தார். டேட்டம் வெளியே வந்து கையசைத்த பிறகு ஹாட்லி உள்ளே வந்தார். தோட்டக் கழகத் தலைவி திருமதி ஸ்கெல்டன் தெரு முனையில் நின்று இரண்டு பேரும் போகிறவரை காத்திருந்து, வந்து, உண்மையாகவே அழுதார். ஒவ்வொருவர் கையிலும் சாவு வீட்டுக்கான சாப்பாடு. ஸ்கெல்டன் அம்மா பட்டை தீட்டின கண்ணாடித் தட்டில் மசாலா வைத்த பாதி முட்டைகள் கொண்டுவந்தார். ஹாட்லி, மனைவி கொடுத்தனுப்பிய நீலத் தட்டில் சீஸ் மக்ரோனி. டேட்டம் மனைவியை இழந்தவர். அவளுடைய இரும்புச் சட்டியில் தானே பீன்ஸ் வேகவைத்திருந்தார். திருப்பிக் கொடுக்க வசதியாக, வழக்கப்படி எல்லாப் பாத்திரத்தின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை சபையில் அடக்க ஆராதனை. வெளியே விடாமல் மழை. டேட்டம் பேச எழுந்தபோது ஹாட்லி பக்கத்து ஞாயிறு பள்ளி அறையில் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்கெல்டன் அம்மா காரில்.

"மிஸ்டர் பெட்வே மாதிரி ஒரு கண்ணியவானை நான் பார்த்ததில்ல" என்றார் டேட்டம். "எத்தனை வருஷம்! ஒரு நாள் கோபப்பட்டதில்ல. அந்த பெர்சிமன் தெரு வாய்க்காலை எவ்வளவு பணிவாக் கேட்பாரு தெரியுமா? அவ்வளவு பணிவாக் கேட்டதாலதான், அதைச் செஞ்சே ஆகணும்ங்கிற நெருக்கடி எங்களுக்கு ஒரு நாளும் வரலை. அந்த நன்றியை இந்த ஊர் மறக்காது."

முன்வரிசையில் மேட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர் பழக்க தோஷத்தில் "ஆமென்" என்று ஆரம்பித்து, பாதியில் மென்று விழுங்கினார்.

சவப்பெட்டி ஏற்றிய வண்டி பெர்சிமன் தெருப் பள்ளத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே தண்ணீர். சபையின் மூப்பர்கள் ஆறு பேர் காலணியைக் கழற்றி, பெட்டியைத் தோளில் ஏற்றி, முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். டிரம்மண்ட் குடையோடு கரையில் நின்று ஏற்பாட்டைக் கவனித்தார். டேட்டம் வந்து கைப்பிடியைத் தொட்டபடி பெக்கான் மரம் வரை நடந்தார். பிறகு விட்டுவிட்டு விலகினார். அவர் நன்றாகத் தள்ளிப்போனதும் ஹாட்லி வந்து அஞ்சல் பெட்டி வரை தொட்டார். அவரும் போனபிறகு ரப்பர் பூட்ஸோடு ஸ்கெல்டன் அம்மா. மூன்று பேரும் முறை தவறவில்லை. மூப்பர்கள் மட்டும் மாறவே இல்லை.

ஆர்னெட்டா பின்னால் நடந்தாள். கறுப்புப் பாவாடை கனத்து இழுத்தது. நடுத் தண்ணீரில் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று பேரும் சேர்ந்து, இந்தத் தெருவில், இந்தத் தண்ணீரில். அது மரியாதைக்காகக் கேட்டதல்ல. அந்த மனுஷன் செத்த பிறகாவது ஒரு கூட்டம் நடத்திவிடலாம் என்று பார்த்திருக்கிறார். தன்னையே ஆள்கணக்கில் சேர்த்திருக்கிறார். அதையும் சட்டம் தெரிந்தவர்கள் முறியடித்துவிட்டார்கள்.

குழியில் தண்ணீர். வாளியால் இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் பாதிரியார் போதும் என்று தலையசைத்தார். பெட்டி இறங்கியபோது மண்ணில் படுகிற சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. ஆர்னெட்டா வீட்டுக்கு வந்து பியானோவை மூடி, மேலே துணியைப் போட்டாள். எதைக் கேட்டாலும் அந்தச் சத்தமாகவே கேட்டது.

நகர மன்றம் கூடி, லூஷியஸ் இறந்துவிட்டதாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. மறுநாளே மேயர் கையில் பூச்செண்டோடு வந்தார்.

"மிஸ்டர் பெட்வே இடம் எல்லாக் கமிட்டியிலயும் காலியா இருக்கு. அவரை மாதிரியே... அதாவது, அவரை மாதிரியே குணம் உள்ளவங்க வேணும். உங்களை விட்டா எங்களுக்கு யாரையும் தெரியாது."

"தெரியாதுதான்" என்றாள் ஒடெசா உள்ளேயிருந்து.

"மத்ததெல்லாம் வேண்டாம்" என்றாள் ஆர்னெட்டா. "வடிகால் வாரியம் மட்டும் குடுங்க."

முதல் கூட்டத்துக்கு லூஷியஸின் நாற்காலியிலேயே உட்கார்த்தினார்கள். மேசையில் பெப்பர்மின்ட் மிட்டாய். எல்லோரும் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஐந்தாவது உறுப்பினர் ஃப்ளோரிடாவில் குடியேறி நாளாகிறதாம். அவர் மனம் புண்படுமே என்று பெயரை எடுக்கவில்லையாம். ஆர்னெட்டா வாய்க்கால் விஷயத்தை எடுத்தாள். உடனே ஸ்கெல்டன் அம்மா எழுந்தார்.

"ஐயோ, என் அசேலியாச் செடிங்களுக்குத் தண்ணி ஊத்த மறந்தே போச்சு!"

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹாட்லியும் எழுந்தார். யாருக்கோ பல் வலி. இரண்டு பேரும் போகும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

டேட்டம் மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "பாருங்க மிஸ் ஆர்னெட்டா, எனக்கு ஆசைதான். ஆனா ரெண்டு பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண முடியும்? லூஷியஸ் இருந்தா புரிஞ்சுக்குவாரு. எப்பவும் சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சிப் போவாரு."

"ஆள் சேரலை" என்றுதான் லூஷியஸ் வீட்டில் சொல்வார். சோம்பேறிகள் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். அந்த இரண்டு காலி நாற்காலிகளை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்?

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டப் புத்தகம் அவர் அலமாரி நிறைய இருந்தது; அதனால் எதுவும் நடக்கவில்லை என்பதும் தெரிந்திருந்தது. வழி அவள் அடுக்களையிலேயே இருந்தது. ஒரு நாள் ஸ்கெல்டன் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆர்னெட்டா, கண்ணு, அவசரமே இல்ல. ஆனா அந்த முட்டைத் தட்டு என் மாமியாரோடது. வெள்ளிக்கிழமை எங்க தோட்டக் கழக விருந்து. அதுக்கு நான் என்னத்துல முட்டை வைக்க?"

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கங்களேன். காலியாத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. கேக் சுட்டு வைக்கிறேன்."

ஹாட்லிக்கும் டேட்டமுக்கும் அதே நாள், அதே மணி சொன்னாள். வானொலியில் வியாழக்கிழமை கனமழை என்றார்கள். புதன்கிழமை போய் நகர மன்றக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: வடிகால் வாரியம், நாளை நாலு மணி, பெர்சிமன் தெரு, பெட்வே வீடு. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஊருக்குத் தெரியவேண்டியதெல்லாம் அந்தக் கதவில்தான் ஒட்டப்படும் என்பதால் ஊரில் யாரும் அந்தக் கதவைப் பார்ப்பதில்லை.

மறுநாள் ஹாட்லி முதலில் வந்தார். ஸ்கெல்டன் அம்மா வந்து, ஹாட்லியின் காரைப் பார்த்து, தன் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். டேட்டம் வந்து, இரண்டு காரையும் பார்த்து, பின்னால் நிறுத்தினார். உள்ளே ஆர்னெட்டாவும் ஹாட்லியும் மட்டும். முறை தவறவில்லை.

மேட்டிலிருந்து தண்ணீர் வந்தது. கார்களின் சக்கரம் முழுகியது. பிறகு கதவிடுக்கில் புகுந்தது. முதலில் ஸ்கெல்டன் அம்மா காலணிகளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். டேட்டம் வந்து, "நான் வாசல்லயே நிக்கிறேன்" என்றார். அவர் நின்ற படி முழுகியது. அடுத்த படிக்கு ஏறினார். அதுவும் முழுகியது.

"ஏன் நனையறீங்க, மிஸ்டர் டேட்டம்? உள்ள வாங்க" என்று ஆர்னெட்டா சிரித்தாள். பல் தெரியவில்லை, உதடு மட்டும்.

மூன்று பேரையும் அடுக்களை மேசையில் உட்காரவைத்து, காரமல் கேக் வெட்டிக் கொடுத்து, காபி ஊற்றினாள். எல்லோரும் கேக்கைப் புகழ்ந்தார்கள். தானும் உட்கார்ந்து, "நிலுவையில இருக்கிற விஷயத்தை எடுத்துக்கலாமா?" என்றாள்.

டேட்டமின் முள்கரண்டி நின்றது. "மிஸ் ஆர்னெட்டா, அறிவிப்பு ஒட்டாம..."

"நேத்தே ஒட்டிட்டேன். நகர மன்றக் கதவுல."

"அந்தக் கதவுலயா?" என்றார், ஏதோ ஏமாற்றப்பட்டவர்போல.

ஸ்கெல்டன் அம்மா எழுந்தார். "என் அசேலியா..." கதவைத் திறந்தார். அவர் காரின் முன்விளக்குகள் தண்ணீருக்குள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹாட்லியும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எதிர்க்கிறவங்க சொல்லலாம்" என்றாள் ஆர்னெட்டா.

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. அதுவும் ஒரு விதவையிடம், அவள் வீட்டு மேசையில், அவள் கேக் வாயில் இருக்கும்போது. வாய்க்காலுக்குச் சம்மதமென்று ஹாட்லி முள்கரண்டியோடு கையைத் தூக்கினார். ஸ்கெல்டன் அம்மா தூக்கினார். டேட்டம் தன் மனைவியின் இரும்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்னெட்டா அதைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, உள்ளே அவருக்கென்று ஒரு முழுக் கேக் வைத்திருந்தாள். அவரும் கையைத் தூக்கினார்.

அதற்குள் தண்ணீர் கதவின் அடியில் புகுந்து அடுக்களைத் தரையில் நாக்கு நீட்டியது. ஸ்கெல்டன் அம்மா கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது.

"இவ்வளவு தண்ணி வரும்னு லூஷியஸ் சொல்லவே இல்லையே, ஆர்னெட்டா!"

"முப்பது வருஷமா சொன்னாரு, மிஸஸ் ஸ்கெல்டன்."

"சொன்னாருதான். ஆனா சிரிச்சிக்கிட்டில்ல சொன்னாரு? இவ்வளவு பெரிய விஷயத்தை யாராவது சிரிச்சிக்கிட்டுச் சொல்வாங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரை எந்த அறையில் உட்காரவிட்டிருப்பார்கள் என்று ஆர்னெட்டா கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வாய்க்கால் இன்னும் வெட்டவில்லை. இவர்கள் கையெழுத்து இன்னும் எத்தனையோ வேண்டும். "இன்னொரு துண்டு போட்டுக்கங்க" என்று சிரித்தாள்.

மழை விட்டு, தண்ணீர் வடிந்து, மூன்று பேரும் பாத்திரங்களோடு கிளம்பிப் போனார்கள். போகும்போது ஹாட்லி, வாரியத்தில் இவ்வளவு இனிமையான கூட்டம் நடந்ததே இல்லை என்றார்.

ஒடெசா தரையைத் துடைத்துக்கொண்டே பாடினாள். "ஜெயிச்சிட்டீங்க அண்ணி! ஒரு கேக்கு, ஒரு மழை. எவ்வளவு சுலபமா முடிஞ்சிருச்சு பாத்தீங்களா!"

சுலபம்தான். ஆர்னெட்டா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வலித்தது, பல் பிடுங்கினதுபோல. அவர்கள் போய் இவ்வளவு நேரமாகியும் உதடு அப்படியே நின்றிருந்தது. இறக்கிப் பார்த்தாள், இறங்கவில்லை. இது ஒரு நாள் கூட்டம். கமிட்டி கமிட்டியாக, வாராவாரம், முப்பது வருஷம்.

வாசலில் லூஷியஸின் கார் நின்றது. உள்ளே கால் வைக்கும் இடத்தில் ஈரம். கதவைத் திறந்து அவர் இடத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு ஆறுகிறது, ஆறுகிறது என்று எத்தனை தடவை இந்தக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள். ஒரு தடவையாவது மறுபக்கம் வந்து கதவைத் திறந்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒடெசா ஈரக் கையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன அண்ணி பண்றீங்க உள்ளே? சூப்பு ஆறுது."

"கொஞ்ச நேரம் ஆகும் ஒடெசா" என்றாள் ஆர்னெட்டா. "நீ உள்ளே போ."